பிளாஸ்டிக்கில் படம் பதிக்கப் போகிறீர்களா? முதலில் பொருளைப் பாருங்கள்

பள்ளிப் பரிசளிப்பு விழா, திருமணம், கோயில் திருவிழா, தீபாவளி என்று எது வந்தாலும் பெயரும் படமும் பதித்த நினைவுப் பரிசு கொடுப்பது நம்மவர்களிடையே வழக்கமாகிவிட்டது. அதனால் தாமான் வீட்டின் ஓர் அறையிலேயே பிரிண்டரும் ஹீட் பிரஸ் இயந்திரமும் வைத்துச் சிறுதொழில் தொடங்குவோர் பலர்.

குவளையிலும் டி-சட்டையிலும் கை பழகியதும் அடுத்த கேள்வி வரும்: "பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலில் போட்டுத் தர முடியுமா? பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவில் முடியுமா?" சரி என்று தலையாட்டி ஆர்டர் வாங்கியவர்கள் பலர் அங்கேதான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். போத்தல் நெளிந்துவிடும், டப்பா உருகி இயந்திரத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பொருளுக்குப் போட்ட பணம் போகும். விழா நாள் நெருங்கிவிட்டால் வாடிக்கையாளரின் நம்பிக்கையும் போகும்.

இந்த நட்டம் தவிர்க்கக்கூடியது. அதற்கு இந்த அச்சு முறை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

சூடம் போல, அந்துருண்டை போல

திறந்து வைத்த சூடம் நாளாக நாளாகக் கரைந்து போவதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அது நீராக உருகி ஓடுவதில்லை. திடப்பொருளாக இருந்து நேரே ஆவியாகிறது. துணி அலமாரியில் போடும் அந்துருண்டையும் அப்படித்தான். இதையே அறிவியல் பாடத்தில் பதங்கமாதல் என்கிறார்கள். ஆங்கிலத்தில் சப்ளிமேஷன்.

சப்ளிமேஷன் மையில் உள்ள சாயமும் இதே குணம் கொண்டது. முதலில் படத்தைத் தனித் தாளில் அச்சிடுகிறார்கள். அந்தத் தாளைப் பொருளின் மீது வைத்து ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்தும்போது சாயம் ஆவியாகிறது. அதே வெப்பத்தில் பாலியஸ்டர் இளகி, அதன் மூலக்கூறுகளுக்கு இடையே வழி விடுகிறது. ஆவி உள்ளே நுழைகிறது. சூடு தணிந்ததும் வழி மூடிக்கொள்ள, நிறம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

நல்ல முறையில் பதித்த படத்தைத் தடவிப் பார்த்தால் கைக்கு எதுவும் தட்டுப்படாததற்கும், நகத்தால் சுரண்டினால் உரியாததற்கும் இதுவே காரணம். நிறம் மேலே ஒட்டியிருக்கவில்லை, உள்ளே இருக்கிறது.

கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். ஒன்று, அதன் மேற்பரப்பு சாயத்தை ஏற்குமா? இரண்டு, அதன் உடல் அந்த வெப்பத்தைத் தாங்குமா?

பீங்கான் குவளை வெப்பத்தைத் தாங்கும். ஆனால் சாதாரண பீங்கான் சாயத்தை ஏற்காது. ஆகவேதான் மேலே பாலிமர் பூச்சு பூசிய குவளையைத் தனியாக விற்கிறார்கள். பருத்திச் சட்டையும் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் சாயம் அதில் தங்காது, துவைத்தால் மங்கிவிடும். பாலியஸ்டர் சட்டை இரண்டுக்கும் பொருந்துகிறது.

சாதாரண பிளாஸ்டிக் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில் தோற்றுவிடுகிறது. மேலே பூச்சு அடித்துச் சமாளிக்கலாம் என்று சிலர் முயல்வார்கள். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் உருகினால் பூச்சு என்ன செய்யும்?

எந்தப் பிளாஸ்டிக் தாங்காது?

பல பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். அதைப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது.

எண் 5 என்றால் பாலிபுரோப்பிலீன். சாப்பாட்டு டப்பாக்கள் பல இந்த வகைதான். ஏறக்குறைய 160 டிகிரியில் உருகிவிடும். எண் 2, எண் 4 இரண்டும் பாலிஎத்திலீன். அவை அதற்கும் முன்பே உருகும். எண் 1 போட்ட தண்ணீர்ப் போத்தல் பாலியஸ்டர் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் 80 டிகிரியை நெருங்கும்போதே சுருங்கத் தொடங்கும்.

எண் 3 பி.வி.சி. இதை ஹீட் பிரஸில் வைக்கவே கூடாது. அளவுக்கு மீறிச் சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். அது கண்ணையும் மூச்சுக் குழாயையும் எரிக்கும்.

அப்படியானால் எது சரிவரும்?

சப்ளிமேஷனுக்கென்றே தயாரித்த பொருள்கள் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. கண்ணாடி இழை சேர்த்துப் பூச்சிட்ட தகடுகள் கீ செயினுக்கும் பெயர்ப் பட்டைக்கும் ஏற்றவை. பூச்சிட்ட அக்ரிலிக்கும் உண்டு. அதற்கு வெப்பமும் நேரமும் மாறுபடும் என்பதால் தயாரிப்பாளர் சொன்ன அளவை மீறக்கூடாது.

கைப்பேசி உறைகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் பூச்சிட்ட மெல்லிய அலுமினியத் தகட்டில் மட்டும் படத்தைப் பதித்து, பிறகு அதைப் பிளாஸ்டிக் உறையில் ஒட்டுவார்கள். புதியவர்களுக்கு இது பாதுகாப்பான வழி. மற்றதில் முழு உறையிலும் படம் வரும். அதற்குக் காற்றை உறிஞ்சித் தாளைப் படியவைக்கும் தனி இயந்திரம் வேண்டும்.

சப்ளிமேஷனில் வெள்ளை மை இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. கறுப்பு, கருநீலப் பொருளில் படம் தெரியாது. வெள்ளை அல்லது வெளிர்நிறப் பொருளே தேவை.

வாடிக்கையாளர் சாதாரண போத்தல்தான் வேண்டும் என்றால் ஸ்டிக்கர், திரை அச்சு அல்லது யு.வி. அச்சு என்ற வழிகள் இருக்கின்றன. அவற்றைச் செய்பவரிடம் அனுப்பி வைப்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

தாளிலும் குழப்பம் உண்டு

கடையில் 'ஹீட் டிரான்ஸ்ஃபர்' தாள் என்று கேட்டால் பெரும்பாலும் பருத்திச் சட்டைக்கான தாளைக் கொடுப்பார்கள். அதில் படம் மெல்லிய படலமாகத் துணியின் மேல் ஒட்டும். சப்ளிமேஷன் தாள் வேறு. அது சாயத்தை மட்டும் விடும். மையும் சப்ளிமேஷன் மையாகவே இருக்க வேண்டும். சாதாரண இன்க்ஜெட் மை இதற்கு உதவாது.

நம் நாட்டு ஈரப்பதத்தில் தாள் சீக்கிரம் நமத்துப் போகும். திறந்த கட்டைக் காற்றுப் புகாத பையில் வைப்பது நல்லது. நமத்த தாளில் நிறம் திட்டுத் திட்டாக விழும்.

படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி அச்சிட வேண்டும். தமிழ்ப் பெயர் என்றால் இன்னொரு கவனமும் தேவை. சில மென்பொருள்களில் கெ, கொ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறிவிடும். அச்சிடும் முன் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்ப்பது நல்லது.

தாளை வெப்பம் தாங்கும் ஒட்டுநாடாவால் இறுக்க வேண்டும். சிறிது நகர்ந்தாலும் படம் இரட்டையாகத் தெரியும். அழுத்தி எடுத்த தட்டையான தகடுகளை ஆறும்வரை சமமான கனத்தின் கீழ் வைத்தால் வளையாது.

வீட்டுக்குள் செய்யும்போது

ஹீட் பிரஸ் பெரும்பாலும் 1,000 வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அதையும் அரிசிக் குக்கரையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகுவது ஆபத்து. பழைய தோட்ட வீடுகளில் மின்கம்பிகளை உரிமம் பெற்ற மின் தொழிலாளர் ஒருவர் பார்த்த பிறகு தொடங்குவதே நல்லது. சன்னல் திறந்திருக்கட்டும். பிள்ளைகள் தூங்கும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

ஆர்டர் வாங்கும் முன்

நூறு பொருள் வாங்குவதற்கு முன் இரண்டை மட்டும் வாங்கிச் சோதிக்க வேண்டும். ஒன்றை அழுத்தி, ஆறவிட்டு, நகத்தால் சுரண்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவிப் பார்க்கலாம். வெப்பம், நேரம் இரண்டையும் ஒரு புத்தகத்தில் குறித்து வைத்தால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை. கெட்டுப்போவதற்கென்று சில பொருள்களைக் கூடுதலாக வாங்கி அதையும் விலையில் சேர்க்க வேண்டும். வெயிலில் மாட்டும் பொருளுக்கு நிறம் பல ஆண்டு நிற்கும் என்று உறுதி கொடுக்க வேண்டாம். வெயிலில் சாயம் மங்கும்.

ஆர்டர் கொடுக்கும் பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் மாதிரி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு முன்பணம் கொடுப்பது இரு தரப்புக்கும் நல்லது. பரிசளிப்பு விழா மேடையில் ஒரு பிள்ளை தன் பெயர் பதித்த பரிசை வாங்கும் நாள் ஒன்றுதான். அன்று பெட்டியைத் திறந்த பிறகு குறை தெரிந்தால் திருத்த நேரம் இருக்காது.