குச்சியில் அளந்து கோபுரத்தைக் கணிப்பது

ஒரகடத்தில் இருக்கும் வாகன ஆராய்ச்சி மையத்தில் புதுக் காரைத் தடுப்புச் சுவரில் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். நொறுங்கினால் என்ன, அதே அச்சில் இன்னொரு கார் வந்துவிடும். பழவேற்காடு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாவில் அது எளிதல்ல. சந்திரயான்-3-ஐ ஏற்றிச்சென்ற எல்விஎம்3 ராக்கெட்டின் இருபுறமும் நிற்கும் எஸ்200 மோட்டார் ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள். பற்றவைத்தால் அணைக்க முடியாது. அது எப்படி எரியும் என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், இரண்டையும் பிடித்துவைக்கும் ரப்பர்: இதுதான் எரிபொருள். கலவையில் கொஞ்சம் எடுத்து மெல்லிய குச்சியாக வார்க்கிறார்கள். பக்கங்களில் தீப்பிடிக்காத பூச்சு. அளந்த இடைவெளியில் குறுக்கே மெல்லிய கம்பிகள். நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்த கலத்துக்குள் வைத்து மேல்முனையில் பற்றவைத்தால், தீ இறங்க இறங்கக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். இடைவெளியை நேரத்தால் வகுத்தால் எரிவேகம். விநாடிக்குச் சில மில்லிமீட்டர்தான். அழுத்தம் கூடினால் எரிவேகமும் கூடும். எவ்வளவு கூடும் என்பதற்குப் பிரெஞ்சுக்காரர் பால் வியே 19-ஆம் நூற்றாண்டிலேயே விதி தந்துவிட்டார்.

அடுத்து, அதே கலவையை அடைத்த சிறு மோட்டார்களை எரித்துப் பார்ப்பார்கள். சிக்கல் இங்கேதான். சிறியதில் வந்த எரிவேகம் பெரியதில் அப்படியே வராது. பெரிய உறைக்குள் குழம்பாக ஊற்றும்போது துகள்கள் படியும் விதம் வேறு. சிறு மோட்டாரின் சுவர் உறிஞ்சும் வெப்பத்தின் பங்கு வேறு. வித்தியாசம் நூற்றுக்குச் சில பங்குதான். ஆனால் எரிவேகம் 1 சதவீதம் கூடினால் உள்ளழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் கூடும். இரு பக்க மோட்டார்களும் ஒரே மாதிரி எரியாவிட்டால் ராக்கெட் ஒருபக்கம் இழுக்கும். அதனால் சிறியதற்கும் பெரியதற்கும் உள்ள விகிதத்தை, முன்பு எரித்த மோட்டார்களின் பதிவுகளிலிருந்து எடுத்துக் கணக்கில் பெருக்குகிறார்கள். எந்தச் சூத்திரத்தையும்விட இந்தப் பதிவேடுதான் பெரிய சொத்து என்பேன்.

முதல் மோட்டாருக்கு அந்தப் பதிவேடு ஏது? அதனால்தான் 2010 ஜனவரி 24 அன்று எஸ்200-ஐத் தரையில் கட்டிவைத்து முழுதாக எரித்தார்கள். சுமார் 600 அளவீடுகள், 130 விநாடிகள், உச்சத்தில் ஏறத்தாழ 500 டன் உந்துவிசை. ககன்யான் திட்டத்தில் மனிதர்களைச் சுமக்க எஸ்200-இலிருந்து உருவாக்கிய எச்எஸ்200-ஐயும் 2022 மே 13 அன்று அப்படியே எரித்துப் பார்த்தார்கள். உயிர் ஏறும் வண்டிக்குக் குச்சிக் கணக்கு மட்டும் போதாது. செலவானாலும் முழுதாக எரித்துப் பார்த்ததே சரியான முடிவு.