சிறு வணிகரின் கணக்கேடும் கணிப்பொறிக் கொள்ளையும்

செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் செல்லும் நெடுஞ்சாலையில், கன்டோன்மென்ட் பகுதியை ஒட்டி வடக்கே அமைந்துள்ளது அல்வால். முன்னர் தனி நகராட்சியாக விளங்கிய இவ்வூர், 2007-ஆம் ஆண்டில் ஹைதராபாத் பெருநகர மாநகராட்சி உருவானபோது அதனுடன் இணைக்கப்பட்டது. சாலையின் இரு மருங்கிலும் மருந்துக் கடைகள், துணிக்கடைகள், வாகன உதிரிப்பாகக் கடைகள், சிறு பட்டறைகள், மருத்துவ ஆலோசனை நிலையங்கள் எனப் பலவகைத் தொழில்கள் நடைபெற்று வருகின்றன. குடும்பத்தினரும் இரண்டு மூன்று ஊழியர்களுமாக நடத்தப்படுபவை இவற்றுள் பல.

துணி அட்டை போட்ட பேரேடு இருந்த இடத்தில் இன்று கணிப்பொறி அமர்ந்துள்ளது. சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. விவரம், ஊழியர் சம்பளம், வாடிக்கையாளர் பாக்கி ஆகிய யாவும் அந்த ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன. பேரேட்டைக் கரையான் அரிக்கலாம்; மழைநீர் நனைக்கலாம். ஆனால் கண்காணாத தொலைவிலிருந்து ஒருவர் அதைப் பூட்டிவைத்துப் பணம் கேட்க இயலாது. கணிப்பொறிக் கணக்கை அவ்வாறு பூட்ட இயலும். இதற்கெனப் பயன்படும் நிரலே 'ரான்சம்வேர்' எனப்படும் பணயத்தொகை மென்பொருள்.

வரி விவரத்தின் படிவங்கள் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் இருக்கும், பணப் பரிமாற்றம் வங்கியில் பதிவாகியிருக்கும். முயன்றால் இவற்றை மீண்டும் திரட்டிவிடலாம். எந்த வாடிக்கையாளர் எவ்வளவு பாக்கி வைத்துள்ளார் என்ற கணக்கு மட்டும் கடைக்காரரின் கணிப்பொறியைத் தவிர வேறெங்கும் இல்லை. அக்கணக்கை இழப்பவர் தம் நடைமுறை மூலதனத்தின் ஒரு பகுதியையே இழக்கிறார்.

அண்மைக்கால அனுபவங்கள்

இது எங்கோ அயல்நாட்டில் நிகழும் தொல்லை என்று கருதுவதற்கில்லை. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் தெலங்கானா, ஆந்திரப் பிரதேச மின் விநியோக நிறுவனங்களின் இணையதளங்கள் இத்தகைய தாக்குதலால் முடங்கின. அல்வாலுக்கு மின்சாரம் வழங்கும் தெலங்கானா தென்பகுதி மின் விநியோக நிறுவனமும் அவற்றுள் ஒன்று. விளக்குகள் அணையவில்லை, இணையவழிச் சேவையே நின்றது. தரவுகளுக்குத் தனியே நகல் வைக்கப்பட்டிருந்தமையால் சேவையை மீண்டும் நிலைநிறுத்த முடிந்தது.

அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்னும் நிரல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியபோது ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் சில கணிப்பொறிகளும் அதற்கு இரையாயின. அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதக் கவனக்குறைவுக்கு உலகம் கொடுத்த விலை அது எனலாம். புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 2022 நவம்பர் 23 அன்று நேர்ந்த தாக்குதலில் ஐந்து சர்வர்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளிகளின் பதிவு முதலிய பணிகளைப் பல நாட்கள் கையால் எழுதியே நடத்த வேண்டியதாயிற்று.

சிறு நிறுவனங்களின் நோக்கில் 2024 ஜூலை இறுதியில் நிகழ்ந்ததே மிகுந்த கவனத்துக்குரியது. கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார கிராமிய வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை வழங்கிய சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் நிறுவனம் பாதிக்கப்பட்டது. தொற்று பரவாதிருக்க, தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அந்நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யு.பி.ஐ. முதலிய வசதிகளின்றித் தவித்தனர். அவ்வங்கிகள் தவறேதும் செய்யவில்லை. அவை நம்பியிருந்த சேவையாளரின் கதவு வழியே இடர் வந்தது. தம் கணக்குகளைக் கணக்காளரிடமோ மென்பொருள் பராமரிப்பவரிடமோ ஒப்படைத்துள்ள கடைக்காரருக்கும் இந்நிலை பொருந்தும்.

பூட்டின் இயல்பு

இம்முறையின் தொடக்கம் 1989-ஆம் ஆண்டுக்குரியது. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் தொகுப்பு என்ற பெயரில் அஞ்சலில் அனுப்பப்பட்ட ஃப்ளாப்பி வட்டுகள் கணிப்பொறிகளை முடக்கி, பனாமா நாட்டு அஞ்சல் பெட்டி ஒன்றுக்கு 189 டாலர் அனுப்புமாறு கோரின. ஆனால் அந்தப் பூட்டு எளியது. வல்லுநர்கள் விரைவில் அதைத் திறந்துவிட்டனர். பூட்டுவதற்கு ஒரு திறவுகோல், திறப்பதற்கு வேறொரு திறவுகோல் என்னும் இரட்டைத் திறவுகோல் முறையை இதற்குப் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதை 1996-இல் ஆடம் யங், மோட்டி யுங் என்னும் இரு ஆய்வாளர்கள் விளக்கினர். பூட்டும் திறவுகோல் மட்டுமே பாதிக்கப்பட்ட கணிப்பொறிக்கு வருகிறது. திறக்கும் திறவுகோல் கொள்ளையரிடமே தங்கிவிடுகிறது. நிரலை எழுதியவர் பிழை செய்திருந்தாலன்றி, எத்தகைய வல்லுநரும் இப்பூட்டை உடைக்க இயலாது. ஆகவே, பூட்டு விழுந்த பின்னர் தேடும் பரிகாரத்தைவிட முன்னரே செய்யும் ஏற்பாடே பயன் தரும்.

செயற்கை நுண்ணறிவு விளைத்த மாற்றம்

செயற்கை நுண்ணறிவின் வரவு பூட்டின் இயல்பை மாற்றவில்லை. கொள்ளையரின் உழைப்பையும் செலவையும்தான் அது வெகுவாகக் குறைத்துள்ளது. வங்கியின் பெயரில் வரும் போலிக் கடிதத்தை முன்பு அதன் பிழை மலிந்த நடையைக் கொண்டே இனங்காண முடிந்தது. இன்று அதே கடிதம் பிழையற்ற ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ தமிழிலோ, கடையின் பெயரையும் அது விற்கும் பொருளையும் சுட்டி எழுதப்படக்கூடும். சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியின் குரலைச் சில விநாடிப் பதிவிலிருந்து போலியாக உருவாக்கி, "பில் அனுப்பியிருக்கிறேன், திறந்து பாருங்கள்" என்று தொலைபேசியில் சொல்ல வைப்பதும் இயலும்.

2025 ஆகஸ்டில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, அதன் செயற்கை நுண்ணறிவுக் கருவியையே துணைக்கொண்டு ஒருவர் குறைந்தது 17 நிறுவனங்களின் தரவுகளைத் திருடி மிரட்டியதைத் தெரிவித்தது. நிரல் எழுதும் தேர்ச்சி குறைந்த மற்றொருவர் அக்கருவியின் உதவியால் பணயத்தொகை மென்பொருளை உருவாக்கி, 400 முதல் 1,200 டாலர் வரை விலை வைத்து விற்றார் என்பதும் அதில் கூறப்பட்டுள்ளது. அதே மாதத்தில் பரபரப்பூட்டிய 'பிராம்ப்ட்லாக்' என்னும் நிரல், நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் சோதனை முயற்சி என்று பின்னர் தெளிவாயிற்று. எனவே பீதி தேவையில்லை. எனினும், "நம் சிறு கடையை யார் சீந்தப் போகிறார்கள்?" என்ற பழைய எண்ணத்துக்கு இனி ஆதாரமில்லை. ஒருவரை ஏமாற்றும் செலவு மிகக் குறைந்துவிட்டபோது, சிறிய தொகைக்கும் வலை வீசுவது கட்டுப்படியாகிறது.

நகலே காப்பு

சிறு வணிகர் முதலில் கருத வேண்டியது நகல். நாள்தோறும் நகல் எடுக்கிறோம் என்று பலர் கூறுவர். பார்த்தால், அந்த நகல் கணிப்பொறியிலேயே எப்போதும் செருகியுள்ள பென் டிரைவில் இருக்கும். பூட்டும் நிரல் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். இணையச் சேமிப்பகத்தில் தானாகச் சென்று சேரும் கோப்புக்கும் இதே கதிதான். பூட்டிய கோப்பே பழையதன் இடத்தில் போய் அமரும். முந்தைய பதிப்புகளைச் சில வாரங்களுக்கேனும் காத்துவைக்கும் வசதி அச்சேவையில் உள்ளதா என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

இரண்டு ஹார்டு டிஸ்குகளை வாங்கி, மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது எளிய வழி. நகல் எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். ஒன்று கடையில் இருக்கும்போது மற்றொன்று வீட்டில் இருத்தல் நலம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அந்த நகலை வேறொரு கணிப்பொறியில் திறந்து, கணக்கு முழுமையாக வருகிறதா என்று பார்ப்பதும் இன்றியமையாதது. திறக்காத நகல் தேவைப்படும் நாளில் பயன்படாமற் போகலாம்.

கதவுகளையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிவடைந்தது. பழைய கணிப்பொறியை அப்படியே வைத்திருப்போர் இதை மனத்திற் கொள்ள வேண்டும். கணக்காளர் தொலைவிலிருந்து பணியாற்றுவதற்காகத் திறந்துவிட்ட இணைப்பை, பணி முடிந்ததும் மூட வேண்டும். காசு மிச்சப்படுத்த எண்ணித் திருட்டு நகல் மென்பொருளை நிறுவுவோர், அதற்காக வைரஸ் தடுப்பு நிரலையும் நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டு. பூட்டைக் கழற்றிவிட்டுக் காவலாளியையும் அனுப்பிவிடுவது போன்ற செயல் இது. மின்னஞ்சலுக்கும் வங்கிக் கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பு வேண்டும். வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாக யாரேனும் அறிவித்தால், அழைத்தவர் தந்த எண்ணை விடுத்து, கடையின் பழைய பதிவில் உள்ள எண்ணில் அவரை அழைத்துக் கேட்பதே போலிக் குரலுக்கு மாற்று.

மத்திய அரசின் கணிப்பொறி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கென 15 அடிப்படைப் பாதுகாப்பு நெறிகளை 2025 செப்டம்பரில் வெளியிட்டுள்ளது. 2017-இல் தொடங்கப்பட்ட சைபர் ஸ்வச்சதா கேந்திரம் தீய நிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்குகிறது.

தாக்குதல் நேர்ந்துவிட்டால் கணிப்பொறியின் இணைய இணைப்பை உடனே துண்டித்து, கடையிலுள்ள பிற கணிப்பொறிகளிலிருந்தும் அதைப் பிரித்துவிட வேண்டும். திரையில் தோன்றும் அறிவிப்பைப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பிக்கப்பட்ட உத்தரவின்படி, இத்தகைய நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் செர்ட்-இன்னுக்குத் தெரிவித்தல் வேண்டும். பணமும் பறிபோயிருப்பின் 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகார் செய்யலாம். பணயத்தொகையைச் செலுத்தினால் திறவுகோல் வரும் என்பதற்கு உறுதியில்லை. வந்தாலும் கோப்புகள் அனைத்தும் திறக்குமென்று சொல்வதற்கில்லை. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை முதலியோர் 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' திட்டம், பிழையுள்ள சில பூட்டுகளுக்கான திறவுகோல்களை இலவசமாக வெளியிட்டு வருகிறது. ஆகையால் பூட்டப்பட்ட கோப்புகளை வீணென்று அழித்துவிடாமல் தனி டிஸ்கில் எடுத்து வைப்பது நன்று. இன்று திறவாத சில கோப்புகள் ஓரிரு ஆண்டுகள் கழித்துத் திறந்ததும் உண்டு.