தம்பியின் இரண்டு வருமானங்கள்

2020 மார்ச் 11ஆம் திகதி இரவு பிரதமர் மெட்ட ஃபிரெடெரிக்சன் நாட்டை மூடப்போவதாக அறிவித்தார். நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு மாறினேன். எனக்கு நடந்தது அவ்வளவுதான். மென்பொருள் வேலை, சம்பளம் ஒருநாளும் பிந்தேல்ல.

தம்பிக்கு அப்படியில்லை. அவன் படப்பிடிப்புகளில் லைட் வேலை செய்கிறவன். ஒரு கிழமைக்குள் கையிலிருந்த மூன்று வேலையும் போய்விட்டன.

"நான் அப்பவே சொன்னனான்" என்றா அம்மா.

அரசாங்கம் கைவிடேல்ல, உண்மை. மார்ச் நடுப்பகுதியிலேயே திட்டங்கள் வந்துவிட்டன. வேலையாளை நிறுத்தாமல் வீட்டில் இருத்தும் நிறுவனத்துக்கு, மாதச் சம்பளத்தில் 75 வீதத்தை அரசு கொடுத்தது. உச்சம் முதலில் 23,000 குரோனர், பிறகு 30,000. சொந்தத் தொழில் செய்து வருவாயில் 30 வீதத்துக்கு மேல் இழந்தவருக்கும் உதவி இருந்தது.

தம்பி எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கேல்ல. ஒரு தயாரிப்பு அவனைச் சில கிழமைக்குச் சம்பளத்துக்கு எடுக்கும். அது வரி கழித்து வரும் ஏ-வருமானம். இன்னொன்று வரி கழிக்காமல் கொடுக்கும். அது பி-வருமானம். படம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அவனை 'வீட்டில் இருத்த' ஒரு முதலாளியே இல்லை. இரண்டையும் கலந்து உழைக்கிறவர்கள் முதல் திட்டங்களில் விடுபட்டுப் போனார்கள். அவர்கள் குரல் எழுப்பிய பிறகே அவர்களுக்கென ஏற்பாடு வந்தது.

சின்ன வயதில் அப்பாவுக்கு கொம்யூன் கடிதங்களை வாசித்துச் சொன்னது நான்தான். இப்ப தம்பிக்கு வாசித்தேன். பழைய பற்றுச்சீட்டு, சம்பளத் தாள், ரத்தான வேலைகளின் ஈமெயில் எல்லாம் தேடினோம். அவனுக்கு வெட்கம். "இது சோசியல் காசு மாதிரித்தானே அண்ணா?" என்றான். "நீ கட்டின வரியடா" என்றேன்.

காசு வந்தது. ஆனால் அது முற்பணம் மாதிரி. கடைசியில் உண்மையான வருமானத்தை வைத்துக் கணக்குத் தீர்த்தார்கள். கூடுதலாக வந்த பங்கைத் தம்பி திருப்பிக் கட்டினான். கணக்குத் தாள் ஒழுங்காக இருந்ததால் தப்பினான்.

அதே மார்ச்சில் சென்னையில் ஃபெப்சி அமைப்பு தன் தொழிலாளர்களுக்காக நடிகர்களிடம் உதவி கேட்டது. ரஜினிகாந்த் 50 லட்சம் ரூபாய் கொடுத்தார். அங்கே நட்சத்திரத்தின் மனம், இங்கே படிவத்தின் பெட்டி. லைட் பிடிக்கிறவனின் பயம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இப்ப என்ர மகளுக்கு ஒன்பது வயது. போனில் குட்டிப்படம் எடுக்கிறாள். உங்கட வீட்டிலும் ஒரு பிள்ளை அப்படி இருக்கும். 'வேண்டாம்' என்று சொல்லுவது லேசு, எங்கட பெற்றோரும் அதைத்தான் சொன்னவை. நான் வேற மூன்று விசயம் சொல்லிக்கொடுக்கப் போறேன். உழைக்கிற ஒவ்வொரு குரோனரும் ஏ-யா பி-யா என்று தெரிந்திருக்கவேணும். ஒரு பற்றுச்சீட்டையும் எறியக்கூடாது. படிப்பு முடிந்த இரண்டு கிழமைக்குள் ஏ-காஸ்ஸ, அதாவது வேலையிழப்புக் காப்புறுதி, விண்ணப்பம் போயிருக்கவேணும்.

தம்பி இன்னும் லைட்தான் பிடிக்கிறான். இந்தக் கிழமை படப்பிடிப்பு ஓகூஸில். படத்தின் கடைசியில் பெயர் ஓடும்போது அம்மா இப்பவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுவா.