கொலைகாரன் கையில் ராக்கி கட்டிய கன்னியாஸ்திரி!

கோபம் வராத மனிதன் இல்லை. வாய்க்கால் தண்ணீருக்குக் கோபம். வரப்புக்குக் கோபம். கூடப் பிறந்த அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி விடுகிறார்கள்.

சில சமயம் ஊருக்கே கோபம் வந்துவிடும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைத் தகராறு முற்றியது. கம்பம் பள்ளத்தாக்கு கொதித்தது. குமுளி மலைப்பாதையில் போக்குவரத்து நின்றது. மலைக்கு இரண்டு பக்கமும் கடைகள் தாக்கப்பட்டன. வழக்கு நடந்ததோ டெல்லியில், சுப்ரீம் கோர்ட்டில். கஷ்டப்பட்டது யார்? தினமும் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய் வந்த ஏழைக் கூலிகள்தான்!

ஏசு சொன்னது

கொலை கூடாது என்பது பழைய கட்டளை. ஏசு அதற்கும் மேலே போனார். மனதில் பகையை வளர்ப்பதும், பிறரை இழிவாக ஏசுவதும் குற்றமே என்றார். காணிக்கை செலுத்த வந்தவனுக்குத் தன்மேல் ஒருவன் மனத்தாங்கலாக இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சமாதானமாக வேண்டும் என்றார்.

எத்தனை தடவை மன்னிப்பது? 7 தடவை போதுமா? இப்படிக் கேட்டார் சீடர் பேதுரு. தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்று அழைப்பது இவரைத்தான். மன்னிப்பதற்குக் கணக்கே பார்க்கக் கூடாது என்பதுதான் ஏசு சொன்ன பதிலின் பொருள்.

பஸ்சில் நடந்த கொலை

சொல்வது எளிது. செய்ய முடியுமா? செய்து காட்டியது ஒரு குடும்பம். குமுளி மலைக்கு அப்பால், கேரளாவில் பெரும்பாவூர் பக்கம் உள்ள புல்லுவழி கிராமத்துக் குடும்பம் அது.

அந்த வீட்டுப் பெண் ராணி மரியா, கன்னியாஸ்திரி ஆனார். மத்தியப் பிரதேசத்தில் உதயநகர் என்ற ஊருக்குப் போனார். வட்டிக்காரர்களிடம் சிக்கிய ஏழை விவசாயக் கூலிகளுக்காகப் பாடுபட்டார். பணக்காரர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூருக்குப் போன பஸ்சில் சமுந்தர் சிங் என்ற இளைஞன் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

"நீ என் சகோதரன்"

ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் கன்னியாஸ்திரிதான். 2002-ல் அவர் சிறைக்குப் போனார். அக்காளைக் கொன்றவன் கையில் ராக்கி கட்டினார்! சகோதரனாக ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் அது. அவனை விடுதலை செய்யும்படி குடும்பமே மனுக் கொடுத்தது.

11 ஆண்டு சிறையில் இருந்தபின், 2006-ல் சமுந்தர் சிங் விடுதலையானான். மறு ஆண்டு புல்லுவழிக்கே வந்தான். பெற்ற தாய் எலீஸ்வாவும் அவனை மன்னித்திருந்தார். மகளைக் குத்திய அந்தக் கைகளைப் பிடித்து முத்தமிட்டார்!

2017 நவம்பர் 4 அன்று ராணி மரியாவுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை 'அருளாளர்' பட்டம் கொடுத்தது.

மன்னிப்பது என்றால், குற்றத்தைக் குற்றம் இல்லை என்று சொல்வது அல்ல. கோர்ட்டு தண்டித்தது, அவனும் தண்டனை அனுபவித்தான். ஆனால் பகை அந்த வீட்டில் குடியிருக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் கோபத்தை விட்டுவிட வேண்டும் என்பது பவுல் அடிகள் சொன்ன புத்தி. கம்பத்தில் பொழுது மேற்கு மலைக்குப் பின்னால் சாய்கிறது. அந்த மலைக்கு அப்பாலும் அண்டை வீட்டார்தான் இருக்கிறார்கள்!