உள்ளூர்ப் பையன்கள் பதினொரு பேர்

1967 மே 25. லிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் இத்தாலியின் இன்டர் மிலான். 1964, 1965 இரண்டு ஆண்டுகளும் இதே கோப்பையைத் தூக்கிச் சென்ற அணி. எதிரில் ஸ்காட்லாந்தின் செல்டிக். செல்டிக்குக்காக அன்று இறங்கிய பதினொரு பேரில் பத்துப் பேர், கிளாஸ்கோவிலுள்ள தங்கள் மைதானத்திலிருந்து பத்து மைல் வட்டாரத்துக்குள் பிறந்தவர்கள். மிச்சமிருந்த பாபி லெனாக்ஸ் முப்பது மைல் தள்ளி சால்ட்கோட்ஸ்காரர். அணியிலேயே வெளியூர் ஆள் என்றால் அவர்தான்!

இந்தப் பையன்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர் ஜாக் ஸ்டீன். லானர்க்ஷயர் நிலக்கரி வட்டாரத்தில் 1922-இல் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. மகனும் பதின்ம வயதிலேயே சுரங்கத்தில் இறங்கினார். வாரநாள்களில் நிலக்கரி, சனிக்கிழமைகளில் ஆல்பியன் ரோவர்ஸ் என்ற சிறிய அணிக்கு ஆட்டம் என்று இருபத்தேழு வயதுவரை ஓடியது. பிறகு வேல்ஸில் ஒரு சிறிய கிளப். 1951-இல் செல்டிக் அவரை எடுத்ததுகூட இரண்டாம் அணியின் இளைஞர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான். முதல் அணியில் தடுப்பாட்டக்காரர்கள் வரிசையாகக் காயம்பட, இடம் கிடைத்தது. பிறகு கேப்டன் பதவியும் வந்தது. 1954-இல் லீக், கோப்பை இரண்டையும் வென்ற அணிக்கு அவரே தலைவர். கணுக்கால் காயம் அந்த வாழ்க்கையை முடித்துவைத்தது.

மேலாளராக முதல் வேலை 1960-இல், கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் ஆபத்திலிருந்த டன்ஃபெர்ம்லினில். அணியைக் காப்பாற்றியதோடு நிற்கவில்லை. மறு ஆண்டே ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றார். இறுதியில் தோற்றது யார் தெரியுமா? செல்டிக்! அந்த செல்டிக் அவரைத் திரும்ப அழைக்க 1965 மார்ச் ஆனது. தயங்கக் காரணமும் இருந்தது. செல்டிக், அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கர்களின் கிளப். அதுவரை இருந்த மூன்று மேலாளர்களும் கத்தோலிக்கர்கள். ஸ்டீன் புராட்டஸ்டன்ட். எதிரி அணியான ரேஞ்சர்ஸ் அன்று கத்தோலிக்கர்களைச் சேர்ப்பதில்லை. ஒரே திறமையுள்ள இரண்டு பையன்கள் வந்தால் புராட்டஸ்டன்ட் பையனைத்தான் முதலில் எடுப்பேன், மற்றவனை ரேஞ்சர்ஸ் எப்படியும் தொடப்போவதில்லை என்று ஸ்டீன் சொல்வாராம். கிளாஸ்கோவின் மதச்சண்டையை இவ்வளவு லாபகரமாகப் பார்த்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

ஆளை எடைபோடுவதில் அவரும் தப்புக்கணக்குப் போட்டதுண்டு. ஹிபெர்னியன் மேலாளராக இருந்தபோது, இனி இவர் வேண்டாம் என்று கோல்கீப்பர் ரோனி சிம்சனை செல்டிக்குக்கு அனுப்பிவிட்டார். சில மாதங்களில் அவரே செல்டிக்குக்கு வந்து சேர்ந்தார். சிம்சனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆனால் ஸ்டீன் பழைய தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. லிஸ்பனில் கோல் காத்தவர் அந்த சிம்சன்தான், முப்பத்தாறு வயதில்.

இன்டரின் பயிற்சியாளர் ஹெலெனியோ எரேரா, கோட்டைக் கதவைச் சாத்தியதுபோன்ற தடுப்பாட்டத்துக்குப் பேர்போனவர். அவர் பயிற்சி கொடுக்கும் விதத்தைப் பார்க்க 1963-லேயே ஸ்டீன் மிலானுக்குப் போய் வந்திருந்தார். லிஸ்பனில் ஏழாவது நிமிடத்தில் பெனால்டி. இன்டரின் மட்சோலா கோல் அடித்தார். உடனே இன்டர் பின்வாங்கி அரண் கட்டிக்கொண்டது. ஸ்டீன் இதற்குத் தயாராகவே இருந்தார். வலது ஓரத்தில் ஓட வேண்டிய ஜிம்மி ஜான்ஸ்டன் உள்ளே நகர்ந்தார். அவரைக் காவல் காத்தவரும் பின்னாலேயே போனார். காலியான ஓரங்களில் பின்வரிசை ஆட்டக்காரர்கள் கிரெய்கும் ஜெம்மலும் ஏறிவந்துகொண்டே இருந்தார்கள். இரண்டு முறை பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டது. கோல்கீப்பர் சார்ட்டி எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டிருந்தார். 63-வது நிமிடத்தில் கிரெய்க் தள்ளிவிட்ட பந்தை ஜெம்மல் பெட்டிக்கு வெளியிலிருந்தே உதைத்தார். சமன். 84-வது நிமிடத்தில் சால்மர்ஸ். 2–1. ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் கிளப் செல்டிக். தடுப்பரண் உடைந்ததைவிட, ஒரு பின்வரிசை ஆள் அடித்த பந்தை இன்னொரு பின்வரிசை ஆள் கோலாக்கியதுதான் ஸ்டீனின் முத்திரை என்பேன்.

ஜான்ஸ்டனுக்கு விமானம் என்றாலே நடுக்கம். 1968 நவம்பரில் ரெட் ஸ்டார் பெல்கிரேடுடன் கிளாஸ்கோவில் ஆட்டம், இடைவேளையில் 1–1. இன்று பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தால் அடுத்த ஆட்டத்துக்கு நீ பெல்கிரேடு வர வேண்டாம் என்று ஸ்டீன் வாக்குக் கொடுத்தார். அவ்வளவுதான், இரண்டாம் பாதியில் ஜான்ஸ்டனைப் பிடிக்க ஆளில்லை. 5–1. ஸ்டீனும் சொன்ன சொல் தவறவில்லை. ஜான்ஸ்டன் வீட்டிலேயே இருந்தார்.

1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது லீக் பட்டங்கள். 1970-இல் மீண்டும் ஐரோப்பிய இறுதி. இம்முறை ஃபெயனூர்டிடம் தோல்வி. 1975-இல் ஒரு கார் விபத்தில் உயிர் பிழைத்ததே பெரிது. 1977-இல் லீக், கோப்பை இரண்டையும் மறுபடி வென்று காட்டினார். அடுத்த ஆண்டு செல்டிக் நிர்வாகம் அவருக்குக் காட்டிய இடம், கிளப்புக்குப் பணம் திரட்டும் பரிசுப்போட்டிப் பிரிவில் ஒரு நாற்காலி. பத்து லீக் பட்டம் கொண்டுவந்தவரைச் சீட்டு விற்கச் சொன்னார்கள். இதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது. அவர் லீட்ஸுக்குப் போனார். ஆறே வாரம் கழித்து ஸ்காட்லாந்து தேசிய அணியின் பொறுப்பேற்றார்.

1985 செப்டம்பர் 10, கார்டிஃப். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வேல்ஸுடன் ஆட்டம், தோற்காமலிருந்தால் போதும். 81-வது நிமிடத்தில் ஸ்காட்லாந்தின் டேவி கூப்பர் பெனால்டியில் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்டீன் சரிந்து விழுந்தார். மைதானத்தின் மருத்துவ அறையிலேயே உயிர் பிரிந்தது. வயது 62.

அன்று அவருக்கு உதவியாளராக இருந்தவர் அலெக்ஸ் ஃபெர்குசன். 1999-இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு அதே ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்த கையோடு அவருக்கு ‘சர்’ பட்டம் வந்தது. 1968-இல் அதே கோப்பையை வென்ற மாட் பஸ்பிக்கும், அவரும் லானர்க்ஷயர் சுரங்கக் குடும்பத்துப் பிள்ளைதான், அந்த ஆண்டே கிடைத்தது. இருவருக்கும் முன்னால் வென்ற ஸ்டீனுக்கு 1970-இல் அதைவிடக் கீழ்ப்படியான சி.பி.இ. விருதோடு பிரிட்டிஷ் அரசு நிறுத்திக்கொண்டது.