உறுதி மிக்க போல்ட்டுகள்: செய்யச் சொல்வதா, தேடி வாங்குவதா?

தாமல் ஏரிப் பாசனத்தில் நடவு நெருங்கும் வேளையில், டிராக்டரின் சுழல் கலப்பையில் கத்தியைப் பிடித்திருக்கும் போல்ட்டு ஒன்று முறிந்தால் உழவு நின்றுவிடுகிறது. குடியானவர் உடைந்த துண்டைக் காஞ்சிபுரத்துக் கடைசல் பட்டறைக்கு எடுத்துச் சென்று, அதே போல் ஒன்று செய்து தரச் சொல்கிறார். அளவு அவ்வாறே அமைகிறது, வலிமை அமைவதில்லை. பட்டறைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. அவரிடம் உள்ளது சாதாரண இரும்புக் கம்பியே.

முறிந்த போல்ட்டின் தலையை உற்று நோக்கினால் 8.8 அல்லது 10.9 என்னும் எண் பொறித்திருக்கக் காணலாம். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால், சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுவிசையைத் தாங்கும் என்பது கிடைக்கும். 8.8 எனில் 800. புள்ளிக்குப் பின்னுள்ள எண், அதில் பத்தில் எத்தனை பங்கு வரையில் போல்ட்டு நிலையாக நீண்டுவிடாது நிற்கும் என்பதைக் குறிக்கும், இங்கு 640. சாதாரண 4.6 போல்ட்டோ 240-இலேயே நீளத் தொடங்கிவிடும். இவ்வகைகள் ஐ.எஸ். 1367 என்னும் இந்தியத் தர விதியில் வகுக்கப்பட்டுள்ளன.

இவ்வலிமை எஃகைக் காய்ச்சித் திடீரெனக் குளிர்வித்து, மீண்டும் அளவான சூட்டில் பதப்படுத்துவதால் வருவது. கொல்லர் அரிவாளைத் தண்ணீரில் தோய்ப்பதும் இதன்பாற்பட்டதே. எனினும் ஆலையில் வெப்பம் அளந்து காக்கப்படுகிறது. மரையையும் அங்கே வெட்டுவதில்லை, உருட்டி அழுத்துகின்றனர். ஆதலால் மரையின் அடி எளிதில் விரிசல் காண்பதில்லை. சென்னை பாடியில் 1966-இல் தொடங்கிய சுந்தரம் ஃபாஸனர்ஸ் போன்ற ஆலைகள் இவற்றைப் பெருந்தொகையாகச் செய்வதால் விலையும் அடக்கம். நான்கு போல்ட்டுக்காக அச்சும் பதமும் சோதனையும் தனியே செய்யச் சொன்னால் செலவு பன்மடங்காகும், பருவமும் கடந்துவிடும்.

ஆகவே கடைக்குச் செல்லுமுன் குறுக்களவு, மரை இடைவெளி, நீளம், தலையிலுள்ள எண் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்க. 12 மில்லிமீட்டர் போல்ட்டிலேயே மரை இடைவெளி 1.75, 1.5, 1.25 என வேறுபடும். பழைய எஞ்சின்களில் அங்குல அளவு இருக்கலாம். அரை அங்குல விட்வொர்த்து போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை. அதில் மில்லிமீட்டர் நட்டைப் பலவந்தமாகச் சுற்றினால் மரை அழியும். சரியான நீளம் கிடைக்காவிடில் அடுத்த நீளத்தை வாங்கி, நுனியை ரம்பத்தால் அறுத்துக்கொள்ளலாம். வாயு நெருப்பால் வெட்டினாலும், பற்றவைத்தாலும் பதம் கெடும். 8.8 போல்ட்டுக்கு 8 என்று பொறித்த நட்டே பொருந்தும். ஜரிகையை உரசிப் பார்த்துப் பட்டு வாங்கும் வட்டாரத்தாருக்கு முத்திரை பார்த்து வாங்குவது புதிதன்று!

வலிமை மிகுதியே எங்கும் நன்று என எண்ணலாகாது. சில கருவிகளில், கல்லில் மோதினால் தான் முறிந்து பல்சக்கரப் பெட்டியைக் காப்பதற்கென்றே ஒரு போல்ட்டு அமைந்திருக்கும். அங்கே 12.9 போட்டால் போல்ட்டு தப்பும், பெட்டி உடையும். கருவியின் கையேடு கூறும் வகையையே இடவேண்டும்.

மதகின் நீண்ட திருகுத்தண்டு போன்றவை கடையில் கிடைப்பது அரிது. அவற்றைச் சோதனைச் சான்றுடன் செய்விக்கலாம். பிறவற்றுக்கு ஊராட்சியின் மதிப்பீட்டில் "நல்ல போல்ட்டு" என்றெழுதாமல், "எம் 16, நீளம் 60 மி.மீ., வகை 8.8, ஐ.எஸ். 1364" என்று எழுதுக. சரக்கு வந்ததும் தலையில் எண்ணும் தயாரிப்பாளர் குறியும் உள்ளனவா என்று பார்த்து, இல்லாதவற்றைத் திருப்பி அனுப்பிவிடலாம்.