வாடகைக் கப்பலும் குளிர்ந்த சரக்கும்

கப்பலை வாடகைக்கு அமர்த்துவதென்பது பெரும்பாலும் மாட்டு வண்டியை வாடகைக்குப் பேசுவதைப் போன்றதுதான். வைக்கோல் யாருடைய செலவு, வழியில் அச்சு முறிந்தால் யார் பொறுப்பு, திரும்பும் காலில் வெறும் வண்டிக்கும் கூலி உண்டா என்பவற்றையெல்லாம் வண்டிக்காரனுடன் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுகிறோம் அல்லவா? சமுத்திரத்திலும் இதே பேச்சுத்தான். ஆனால் நாம் இங்கே சொல்லப் புகுந்த கப்பல்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஏற்றிய சரக்கு வழியெல்லாம் சிறிது சிறிதாக ஆவியாகிக் கொண்டே வரும். அந்த ஆவியையே எரித்துக்கொண்டு கப்பலும் ஓடும். வண்டியில் ஏற்றிய கரும்பை மாடே தின்றுகொண்டு நடந்தால் கணக்கு எப்படியிருக்கும்? அந்தக் கணக்குத்தான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

சரக்கு இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறோம். அது பூமிக்கடியில் கிடைக்கும் இயற்கை வாயு. நம் சமையலறைக்கு உருளையில் வரும் எரிவாயு வேறு, இது வேறு. இயற்கை வாயுவை நீர் உறையும் நிலைக்குக் கீழே 162 டிகிரி வரையில் குளிரச் செய்தால் அது திரவமாகி, கொள்ளளவில் 600-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. இவ்விதம் திரவமாக்கிய வாயுவை 1959-ம் வருஷத்தில் 'மீதேன் பயனீர்' என்ற கப்பல் அமெரிக்காவின் லூயிசியானாவிலிருந்து இங்கிலாந்துக்கு முதன்முதலாகக் கடல் கடந்து கொண்டு சேர்த்தது. இந்தியாவுக்கு முதல் சரக்கு 2004-ம் வருஷம் ஜனவரியில் வந்தது. கத்தார் தேசத்திலிருந்து 'திஷா' என்னும் கப்பல் அதைக் குஜராத்திலுள்ள தஹேஜ் துறைக்குக் கொணர்ந்தது. நம் சென்னைக்கருகே எண்ணூரில் 2019-ல் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. அங்கே இறங்கும் வாயு மணலியிலுள்ள உரத் தொழிற்சாலைக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் குழாய் வழியே போய்ச் சேருகிறது. ஆகவே, இந்தக் கப்பல்களின் வாடகை நம் வயல்களுக்குப் போடும் உரத்தின் அடக்க விலையிலும் கலந்திருக்கிறது.

இத்தகைய கப்பல்களைப் பெரும்பாலும் காலக் கணக்கில் அமர்த்துகிறார்கள். மாலுமிகளின் சம்பளம், பழுது பார்த்தல், இன்ஷூரன்ஸ் ஆகியவை கப்பல் சொந்தக்காரரைச் சேர்ந்தவை. எரிபொருள், துறைமுகக் கட்டணம், கால்வாய் வரி ஆகியவை வாடகைக்கு எடுத்தவரைச் சேர்ந்தவை. வாடகை நாள் ஒன்றுக்கு இவ்வளவு டாலர் என்று ஏற்பட்டு, பொதுவாக மாதத்துக்கு முன்பணமாகச் செலுத்தப்படும். சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், துறைமுகத்துக்கு வெளியே கப்பல் சும்மா நங்கூரமிட்டு நின்றாலும், வாடகை ஏறிக்கொண்டேயிருக்கும்.

அந்த வாடகையும் ஒரு நிலையில் நிற்பதல்ல. ருஷியா உக்ரேன்மீது படையெடுத்த 2022-ம் வருஷத்தில் ஐரோப்பா கப்பல் வாயுவுக்காகப் பரிதவித்தது. அவ்வருஷம் அக்டோபரில் உடனடியாகக் கிடைக்கும் கப்பலுக்கு நாள் வாடகை 4 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. 2025-ம் வருஷ ஆரம்பத்தில், புதுக் கப்பல்கள் ஏராளமாக இறங்கிவிட்டபடியால், அதே வாடகை 20 ஆயிரம் டாலருக்கும் கீழே விழுந்தது. உச்சத்தில் நெடுங்கால உடன்படிக்கை செய்துகொண்டவரின் மனநிலையை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இனி, கரும்பு தின்னும் மாட்டின் கணக்குக்கு வருவோம். 'திஷா' 1,38,000 கன மீட்டர் கொள்ளும் கப்பல். அந்தத் தலைமுறைக் கப்பல்களில் நாளொன்றுக்கு நூற்றுக்கு 0.15 பங்கு ஆவியாகலாம் என்பது வழக்கமான வரம்பு. அற்பத் தொகையாகத் தோன்றும். ஆனால் பெருக்கிப் பார்த்தால் நாளைக்கு 207 கன மீட்டர் திரவம். வாயுவாகக் கணக்கிட்டால் ஒன்றேகால் லட்சம் கன மீட்டர்! அதைக் கொதிகலத்தில் எரித்துக் கப்பலை ஓட்டுகிறார்கள். எரிவது வாடகைக்கு எடுத்தவரின் சொத்து. ஆகையால் 'இத்தனைக்கு மேல் ஆவியாகாது' என்று சொந்தக்காரர் உறுதி கூற வேண்டும். மிஞ்சினால் மிஞ்சியதன் விலையை அவர் கொடுக்க வேண்டும். உடனே அடுத்த கேள்வி பிறக்கிறது: விலை என்றால் எந்த விலை? சரக்கு ஏற்றிய ஊரின் விலையா, இறக்கும் ஊரின் விலையா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் நேரலாம். இந்த ஒரு வரியை எழுதுவதற்கே இரு தரப்பு வக்கீல்களும் நாட்கணக்கில் வாதாடுவது வியப்பல்ல.

இறக்கிய பிறகும் தொல்லை தீர்வதில்லை. தொட்டிகள் சூடேறிவிட்டால் அடுத்த சரக்கை அப்படியே ஊற்ற முடியாது. மெள்ள மெள்ள மறுபடியும் குளிரச் செய்ய வேண்டும். அதற்குக் காலமும் வாயுவும் விரயமாகும். எனவே திரும்பும் பிரயாணத்துக்கென்று அடியில் கொஞ்சம் திரவத்தை விட்டு வைக்கிறார்கள். மறு பாலுக்கு உறை மோர் எடுத்து வைப்பதுபோல என்று நம் வீட்டுப் பெண்மணிகள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். கப்பலை ஒப்புக்கொள்ளும்போது தொட்டி குளிர்ந்திருந்ததா, சூடாயிருந்ததா, குளிரச் செய்யும் நாட்களுக்கு வாடகை உண்டா என்பவையெல்லாம் ஷரத்தில் காணப்பட வேண்டும். இதற்கென்றே ஷெல் கம்பெனியும் 'பிம்கோ' என்னும் சர்வதேசக் கப்பல் சங்கமும் சேர்ந்து 2005-ல் மாதிரிப் பத்திரம் ஒன்றை வெளியிட்டன.

கப்பல் பழுதாகி நின்றால்? அந்த நாட்களுக்கு வாடகை கிடையாது. அது வழக்கமான ஷரத்து. ஆனால் உடன்படிக்கையையே ரத்து செய்யலாமா என்பது வேறு விஷயம். 'ஹாங்காங் ஃபிர்' என்ற சாதாரணச் சரக்குக் கப்பலின் வழக்கு இதில் பிரசித்தமானது. 1957 முதல் 24 மாதங்களுக்கு அமர்த்தப்பட்ட அந்தப் பழைய கப்பலில் இயந்திர அறை ஆட்கள் திறமையற்றவர்கள். கப்பல் பழுது பார்ப்பதிலேயே ஏறத்தாழ 20 வாரங்கள் கழிந்தன. இதற்குள் சந்தையில் வாடகையும் சரிந்துவிட்டது. இதுதான் சமயமென்று வாடகைக்கு எடுத்தவர்கள் உடன்படிக்கையை முறித்துக் கொண்டார்கள். இங்கிலாந்தின் அப்பீல் கோர்ட்டு 1961-ல் அது செல்லாதென்றது. இன்னும் 17 மாதங்கள் பாக்கியிருக்க, ஒப்பந்தத்தின் பலன் அடியோடு போய்விடவில்லை. நஷ்டஈடு கேட்கலாமே தவிர, கைகழுவிவிட முடியாது என்பது தீர்ப்பு. வாயுக் கப்பல் உடன்படிக்கைகளும் மிகுதியாக இங்கிலீஷ் சட்டத்துக்கே உட்பட்டவை. ஆதலால், இத்தனை நாள் தொடர்ந்து ஓடாமலிருந்தால் ரத்து செய்யலாம் என்று நாள் கணக்கையே எழுதிக்கொள்ளுவது விவேகிகளின் வழக்கம்.

சொந்தக்காரர் பக்கமும் ஓர் ஆயுதம் உண்டு. தவணையில் வாடகை வராவிட்டால், ஷரத்துப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பிறர் கப்பலை நம்பியிருப்பதன் அபாயம் நமக்குப் புதியதல்லவே! 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளை முதலில் வாடகைக் கப்பலைத்தான் ஓட்டினார். பரங்கிக் கம்பெனியின் நெருக்குதலால் கப்பல் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். அதன் பிறகே 'காலியா', 'லாவோ' என்ற சொந்தக் கப்பல்கள் வந்தன.

வாயு வாங்குவதில் இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஏற்றும் துறையிலேயே சரக்கை ஒப்புக்கொண்டு நம் பொறுப்பில் கப்பல் அனுப்புவது ஒன்று. விற்பவரே தம் கப்பலில் நம் துறைக்குக் கொண்டுவந்து தருவது மற்றொன்று. பெட்ரோநெட் கம்பெனி கத்தாருடன் முதலில் மேற்கொண்டது முந்திய வழி. அதற்காகவே 'திஷா', 'ராஹி', பின்னர் 'அஸீம்' ஆகியவை நெடுங்கால வாடகைக்கு அமர்த்தப்பட்டன. ஜப்பானியக் கம்பெனிகளுடன் இந்தியக் கப்பல் கார்ப்பொரேஷனும் அவற்றில் பங்காளி. கொரியாவில் கட்டப்பட்ட கப்பல்களாயினும், இந்த அபூர்வமான தொழிலை நம் மாலுமிகள் கற்றது இவற்றின் மூலமாகத்தான். நம் நாட்டிலேயே கட்டவும் ஆசைப்படாமலில்லை. அமெரிக்க வாயுவைக் கொண்டுவர 'கெயில்' ஸ்தாபனம் 2014-ல் 9 கப்பல்களுக்கு டெண்டர் கேட்டபோது, மூன்றை இந்தியாவில் கட்ட வேண்டுமென்று நிபந்தனை விதித்தது. தவணை பல முறை தள்ளிப் போடப்பட்டு, முயற்சி கைகூடாமலே போயிற்று.

2024-ம் வருஷம் பிப்ரவரியில் பெட்ரோநெட் கத்தாருடன் புது ஒப்பந்தம் செய்துகொண்டது. 2028 முதல் 20 வருஷங்களுக்கு வருஷந்தோறும் 75 லட்சம் டன். ஆனால் இம்முறை இரண்டாவது வழி. சரக்கைக் கத்தாரே கொண்டுவந்து தரும். கப்பல் வாடகையின் ஏற்றத்தாழ்வும், ஆவியாகும் கணக்கும், பழுதின் கவலையும் நம்மை விட்டு நீங்குகின்றன. இது லேசான லாபமல்ல என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். எனினும், எந்தக் கப்பலை எப்போது எந்த வழியாக அனுப்புவது என்ற அதிகாரமும் கூடவே நீங்குகிறது. 'திஷா' போன்ற கப்பல்களை ஒரு நாள் திருப்பி ஒப்படைக்க வேண்டியதுதான். அன்று தொட்டியின் அடியில் எவ்வளவு திரவம் இருக்க வேண்டும், அதற்கு யார் யாருக்கு விலை தர வேண்டும் என்பதைக்கூடப் பழைய பத்திரத்தைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள்.